கிழங்கும் கொக்கோவும்: பாலும் முட்டையும் வெள்ளைச் சர்க்கரையும் சேராத பிரௌனி

கேக்குக்கு உரிய இலக்கணத்தைச் சென்ற அத்தியாயங்களில் பார்த்துவிட்ட வாசகர்கள், பிரௌனியிடம் வரும்போது அந்த இலக்கணத்தில் பாதியை மறந்துவிட வேண்டியிருக்கும். ஏனெனில் கேக்கில் எவையெல்லாம் குற்றமென்று கருதப்படுகின்றனவோ, அதாவது பொங்காமல் அடங்கி நிற்பதும், நடுவில் ஈரம் தங்கியிருப்பதும், வெட்டும் கத்தியில் சிறிது ஒட்டிக்கொண்டு வருவதும், அவையெல்லாம் பிரௌனியில் குணங்களாகிவிடுகின்றன. காய்கறியும் கிழங்கும் மற்றப் பலகாரங்களைவிடப் பிரௌனிக்கு அதிகமாக இசைந்து வருவதற்குக் காரணமும் இதுதான். கேக்கின் மாவில் ஒரு கிண்ணம் மசித்த கிழங்கைச் சேர்த்தால் அது கனத்து அமுங்கிப்போகும். பிரௌனியில் சேர்த்தாலோ, எந்தக் கனத்தையும் ஈரத்தையும் நாம் விரும்புகிறோமோ அதையே கிழங்கு கொண்டுவந்து சேர்க்கிறது.

இந்தப் பண்டத்தின் பிறப்பிடம் அமெரிக்கா. சிகாகோ நகரில் 1893-ஆம் ஆண்டு உலகக் கண்காட்சி நடந்தபோது, பெர்த்தா பாமர் என்னும் சீமாட்டி, கண்காட்சிக்கு வரும் பெண்கள் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்து எடுத்துச்சென்று கையாலேயே உண்ணத்தக்க சிறு கேக் ஒன்று வேண்டுமென்று கேட்டதிலிருந்து இது பிறந்ததாக, அந்த ஊரின் பாமர் ஹவுஸ் ஹோட்டலார் சொல்லுகிறார்கள். அச்சில் வந்த சான்று சற்றே வேறுவிதமானது. ஃபேனி ஃபார்மர் அம்மையார் 1896-இல் வெளியிட்ட பாஸ்டன் சமையற்பள்ளிப் புத்தகத்தில் பிரௌனி என்ற பெயரோடு ஒரு குறிப்பு இருக்கிறது. ஆனால் அதில் சாக்லேட் கிடையாது, கரும்பிலிருந்து வரும் மொலாஸஸ் என்ற கரும்பாகுதான் அதற்கு நிறம் கொடுத்தது. சாக்லேட் சேர்ந்த பிரௌனி அதே புத்தகத்தின் 1906-ஆம் வருஷப் பதிப்பில் வருகிறது. அங்கே அரைக் கிண்ணம் மாவுக்கு ஒரு கிண்ணம் சர்க்கரை. மாவைப்போல் இருமடங்கு சர்க்கரை என்ற அந்தக் கணக்கை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் இந்த அத்தியாயத்தில் மாற்ற முற்படுவது பிரதானமாக அதைத்தான்.

வீகன் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் நாட்டில் சைவம் என்றால் பாலும் தயிரும் நெய்யும் அதற்குள் அடக்கம், முட்டைதான் விலக்கு. பிராணிகளிடமிருந்து பெறுவது எதுவாயினும், பாலும் வெண்ணெயும் தேனுமே ஆயினும், வேண்டாம் என்று விரதம் கொண்டவர்களுக்காக இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய தோழர்களும் 1944-இல் வழங்கிய பெயர் வீகன். இப்போது தமிழில் நனிசைவம் என்றும் எழுதுகிறார்கள். ஆகவே சர்க்கரைக்குப் பதிலாகத் தேனை ஊற்றிவிட்டு வீகன் பிரௌனி என்று சொல்லலாகாது. அமெரிக்காவில் கரும்புச் சர்க்கரையை வெளுக்கச் சில ஆலைகள் மாட்டெலும்புக் கரியை உபயோகிப்பதால், அங்குள்ள வீகன்கள் வெள்ளைச் சர்க்கரையையும் விசாரித்துத்தான் வாங்குகிறார்கள்.

இனி விஷயத்துக்கு வருவோம். ஒரு பொருளை நீக்கிவிட்டு அதன் ஸ்தானத்தில் வேறொன்றை வைக்கும்போது, பார்வைக்கு அதைப்போல் இருப்பது எது என்று தேடுவதில் பிரயோஜனம் இல்லை. அது அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று கேட்டு, அந்த வேலையைச் செய்யவல்லது எதுவோ அதை அழைத்துவர வேண்டும். பாலுக்குப் பதில் பாதாம் பால், வெண்ணெய்க்குப் பதில் வீகன் வெண்ணெய், சர்க்கரைக்குப் பதில் நாட்டுச்சர்க்கரை என்று பெயருக்குப் பெயர் மாற்றிக்கொண்டு போகிறவர்கள், பணமும் செலவழித்து, பழைய பிரௌனியின் சர்க்கரையையும் கொழுப்பையும் அப்படியே வைத்துக்கொண்டு, ஆரோக்கியம் வந்துவிட்டதாக நம்பிவிடுகிறார்கள்.

முட்டையின் வேலை பிணைப்பது. கொஞ்சம் எழுப்புவதும் உண்டு. பிரௌனி எழும்ப வேண்டிய அவசியம் அதிகம் இல்லாததால், பிணைப்பை மட்டும் கவனித்தால் போதும். அதற்கு ஆளிவிதை இருக்கிறது. அந்த விதையின் மேல்தோலில் உள்ள பசை, தண்ணீர் பட்டதும் வெண்கருவைப் போல வழவழத்துவிடும். ஒரு மேசைக்கரண்டி பொடிக்கு மூன்று மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுப் பத்து நிமிஷம் வைத்தால் ஒரு முட்டையின் வேலையை அது செய்யும். பொடியாகவே கடையில் வாங்கி மாதக்கணக்கில் வைத்திருப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆளிவிதையின் எண்ணெய் சீக்கிரம் சிக்குவாடை அடித்துவிடும், அந்த வாடையைக் கொக்கோவும் மறைக்காது. விதையாக வாங்கி, வேண்டும்போது மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள்.

வெண்ணெயின் வேலை மாவை மிருதுவாக்குவதும் வாயில் கரைவதும். அதை வேர்க்கடலை விழுதும் கொஞ்சம் தேங்காய் எண்ணெயும் பங்கிட்டுக்கொள்ளும். கடலையை மணக்க வறுத்துத் தோல் நீக்கி, சூடு முழுதும் ஆறுவதற்குள் மிக்ஸியில் விட்டு விட்டு அரைத்தால், முதலில் பொடியாகி, பிறகு கட்டியாகி, அதன்பின் தன் எண்ணெயைத் தானே விட்டுத் தளர்ந்து விழுதாகிவிடும். பொறுமை இழந்து தண்ணீர் விட்டுவிடக்கூடாது. கடையில் விற்கும் விழுதில் பெரும்பாலும் சர்க்கரை கலந்திருக்குமாதலால் சீட்டைப் படித்துப் பார்ப்பது அவசியம்.

சர்க்கரைதான் கடினமான பகுதி. இனிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுவதில்லை. ஈரத்தைப் பிடித்துவைப்பது, கெட்டுப்போகாமல் காப்பது, பிரௌனியின் மேல் காகிதம்போல் மெல்லியதாகப் பளபளத்து விரிசல்விடும் அந்த ஏட்டை உண்டாக்குவது, இவையும் அதன் வேலைகளே. இவற்றில் கடைசியானது நமக்குக் கிட்டாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கரைந்த சர்க்கரை மிகுதியாக இல்லாத இடத்தில் அந்த ஏடு படியாது. நம்முடைய பிரௌனியின் மேற்புறம் மங்கலாகத்தான் இருக்கும். மற்றவற்றைப் பேரீச்சம்பழமும் கிழங்கும் சேர்ந்து ஏற்றுக்கொள்ளும்.

வெல்லம், நாட்டுச்சர்க்கரை, பனங்கருப்பட்டி இவற்றைப் பற்றி நம்மிடையே ஒரு மயக்கம் இருக்கிறது. கருப்பட்டியின் வாசனைக்கு நான் பரம பக்தன். சுக்கோடு அதைத் தட்டிப்போட்டுக் காய்ச்சிய காப்பிக்கு ஈடு வேறில்லை. ஆனாலும் இவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரைச் சத்துதான் என்பதையும், கூடவே வரும் தாதுப்பொருள்கள் உண்டு என்றாலும் நாம் உண்ணும் அளவில் அவை சொற்பமே என்பதையும் மறைப்பது வாசகருக்குச் செய்யும் உபகாரம் ஆகாது. வெல்லம், தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ளதையும் சேர்த்தே கணக்கிட்டு, ஒருவருடைய ஆகாரச் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இத்தகைய சர்க்கரையிலிருந்து வரக்கூடாது, அதிலும் பாதியாகக் குறைத்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்திருக்கிறது. அந்தப் பாதி, பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 25 கிராம். பேரீச்சம்பழத்திலும் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரைதான். ஆனால் முழுப் பழமாக அரைத்துச் சேர்க்கும்போது நாரும் சதையும் கூடவே வருவதால், குறைந்த அளவிலேயே கனமும் ஈரமும் கிடைத்துவிடுகின்றன. ஆக, மாற்றிப் போடுவதைக் காட்டிலும் குறைத்துப் போடுவதுதான் முக்கியம். குறைத்த இடத்தை நிரப்பத்தான் கிழங்கு.

சர்க்கரைவள்ளி என்று நம் முன்னோர் அந்தக் கிழங்குக்குப் பெயர் வைத்ததில் ஒரு ரஸாயனமே அடங்கியிருக்கிறது. அதன் மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றும் நொதி ஒன்று கிழங்கினுள்ளேயே இருக்கிறது. கிழங்கு சூடேறி, மாவுச்சத்து இளகத் தொடங்கும் சுமார் 60 டிகிரி செல்சியஸிலிருந்து, அந்த நொதி அழிந்துபோகும் 80 டிகிரி வரையில், எவ்வளவு நேரம் அது தங்குகிறதோ அவ்வளவு நேரமும் மால்டோஸ் என்னும் சர்க்கரை உண்டாகிக்கொண்டே இருக்கும். குக்கரில் வைத்து மூன்று விசிலில் இறக்கினால் இந்த இடைவெளியைக் கிழங்கு ஓடிக் கடந்துவிடுகிறது. நிதானமாகச் சுட்டால் அங்கே நெடுநேரம் நின்று வருகிறது. கிராமத்தில் சமையல் முடிந்த அடுப்பின் தணலைச் சாம்பலால் மூடி, அதற்குள் கிழங்கைப் புதைத்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுகிற பாட்டிமார், இந்த நொதியின் பெயரை அறியாவிட்டாலும் அதன் சுபாவத்தை நன்றாக அறிந்திருந்தார்கள்.

இதை நான் சோதித்துப் பார்த்ததும் உண்டு. தை மாதத்தில், பொங்கலுக்கு வாங்கியதில் மிஞ்சிய கிழங்கை இரண்டு பங்காக்கி, ஒரு பங்கைக் குக்கரில் வேகவைத்தேன். மறு பங்கைத் தோலோடு ஓவனில் வைத்து, குளிர்ந்த ஓவனிலிருந்தே தொடங்கி, 160 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் விட்டேன். குக்கரில் வெந்தது வெளிறி, விரலால் அமுக்கினால் தண்ணீர் கசிந்தது. ஓவனில் இருந்ததோ தோல் தளர்ந்து சதையைவிட்டு விலகி, காம்புப் பக்கத்தில் தேன்போல் ஒரு பாகு வடிந்து, தட்டில் பட்ட இடத்தில் கறுத்து உறைந்திருந்தது. அந்த உறைந்த துளியை நகத்தால் பெயர்த்து நாவில் வைத்தபோது கமர்கட்டின் சுவை தெரிந்தது. இரண்டிலும் ஒரே அளவு பேரீச்சையும் கொக்கோவும் சேர்த்துச் சுட்டதில், குக்கர்க் கிழங்குப் பிரௌனி களியைப்போலாகி, கசந்தும் நின்றது. மற்றதற்கு ஒரு துளி இனிப்பும் மேற்கொண்டு வேண்டியிருக்கவில்லை. அன்று முதல், கிழங்கை முதல்நாள் மாலையிலேயே சுட்டு வைத்துக்கொள்வது எங்கள் வீட்டு நியமமாயிற்று.

எட்டு அங்குலச் சதுரத் தட்டு ஒன்றுக்கான அளவு பின்வருமாறு. அரைக் கிலோ கிழங்கைச் சுட்டுத் தோலுரித்தால் 300 கிராம் சதை தேறும். அதைக் கையாலோ மத்தாலோ மசித்து, நார் அதிகமாகத் தென்பட்டால் சல்லடையில் தேய்த்து எடுக்க வேண்டும், மிக்ஸியில் போட்டால் பசைபோல் இழுத்துக்கொள்ளும். கொட்டை நீக்கிய பேரீச்சம்பழம் 150 கிராம், அரைக் கிண்ணம் வெந்நீரில் இருபது நிமிஷம் ஊறி, அந்த நீரோடு சேர்ந்தே மிக்ஸியில் நைஸாக அரைபட வேண்டும். அதனோடு 100 கிராம் வேர்க்கடலை விழுது, இரண்டு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய், முன் சொன்னபடி ஊறிய ஒரு மேசைக்கரண்டி ஆளிவிதைப் பொடி, ஒரு தேக்கரண்டி வெனிலா, மசித்த கிழங்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள். வேறொரு பாத்திரத்தில் கோதுமை மாவு 80 கிராம், இனிப்புச் சேராத கொக்கோத் தூள் 50 கிராம், அரைத் தேக்கரண்டி உப்பு, கால் தேக்கரண்டி சமையல் சோடா ஆகியவற்றை இரண்டு முறை சலித்து, முதற்கலவையில் கொட்டி, மாவு மறையும் வரைதான் கிளற வேண்டும். அதற்கு மேல் ஒரு சுற்றும் வேண்டாம், சுற்றச் சுற்றக் கோதுமையின் பசை இறுகிப் பிரௌனி ரப்பராகும்.

உப்பை விட்டுவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. இனிப்பைக் குறைத்த பண்டத்தில் கொக்கோவின் கசப்பைத் தணிப்பது அந்த அரைத் தேக்கரண்டிதான். சோடாவைப் பற்றியும் ஒரு நிபந்தனை உண்டு: கொக்கோத் தூள் இயற்கையில் சிறிது புளிப்புள்ளது, அந்தப் புளிப்போடு சேர்ந்துதான் சோடா பொங்குகிறது. டச்சு முறை என்று சொல்லிக் காரம் சேர்த்துப் புளிப்பை எடுத்துவிட்ட தூளாயிருந்தால், நிறம் கறுத்து அழகாக இருந்தாலும் சோடாவுக்கு அங்கே துணை இராது. அப்போது அதை நீக்கி அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர் போடுங்கள். கொக்கோவும் சர்க்கரைவள்ளியும் வேர்க்கடலையும் மூன்றுமே அமெரிக்கக் கண்டத்து மண்ணில் தோன்றியவை. இன்றைக்குப் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கொக்கோ விளைகிறது.

தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, கலவையைக் கரண்டியின் பின்புறத்தை நனைத்துச் சமமாகப் பரப்புங்கள். இது தானாக வழிந்து பரவும் மாவு அல்ல, கெட்டியாகத்தான் இருக்கும். முன்கூட்டியே 175 டிகிரிக்குச் சூடேற்றிய ஓவனில் 25 முதல் 30 நிமிஷம். ஓரங்கள் தட்டைவிட்டுச் சிறிது விலகி, நடுவில் குத்திய ஈர்க்குச்சியில் ஈரமான துணுக்குகள் ஒட்டி வரும்போதே எடுத்துவிட வேண்டும். குச்சி சுத்தமாக வரட்டும் என்று காத்திருந்தால் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தம். ஓவன் இல்லாத வீடுகளில், அடிகனமான பழைய பாத்திரத்தில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, மேலே ஒரு தாங்கி வைத்து, மூடிப் பத்து நிமிஷம் காயவிட்டு, தட்டை உள்ளே இறக்கிச் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வைத்தாலும் வந்துவிடும். ஓரத்தின் மொறுமொறுப்பு மட்டும் குறையும்.

சூடாக வெட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. கிழங்கின் மாவுச்சத்து ஆறினால்தான் இறுகும். தேங்காய் எண்ணெயோ 24 டிகிரிக்குக் கீழேதான் உறையும், நம் ஊர்க் கோடையில் அது நடக்கிற காரியம் அல்ல. ஆகையால் அறைச்சூட்டுக்கு வந்தபின் தட்டோடு குளிர்பெட்டியில் நான்கு மணி நேரம், முடிந்தால் இரவு முழுதும், வைத்து மறுநாள் பதினாறு துண்டாக வெட்டுங்கள். பேரீச்சையிலிருந்து வரும் சர்க்கரை துண்டுக்குச் சுமார் 6 கிராம். கிழங்கின் பங்கு இதற்குமேல் கொஞ்சம்.

சர்க்கரைவள்ளி கிடைக்காத மாதங்களில் பீட்ரூட் உதவும். அதன் மண்வாசனை சிலருக்கு ஒவ்வாது. முதல் மழையில் தரையிலிருந்து எழுகிற வாசனைக்குக் காரணமான ஜியோஸ்மின் என்னும் பொருள்தான் பீட்ரூட்டிலும் இருக்கிறது. புளிப்புப் பட்டால் அது சிதைந்துவிடும். ஆவியில் வேகவைத்து அரைத்த விழுதில் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு பிழிந்து கால் மணி நேரம் வைத்தால் வாசனை தணிந்துவிடுகிறது. பீட்ரூட்டில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீராதலால், விழுது 250 கிராம் போதும்; கோதுமை மாவை 110 கிராமாகவும், பேரீச்சையை 200 கிராமாகவும் உயர்த்த வேண்டும். சிவப்பாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓவன் சூட்டிலும் கொக்கோவிலும் அந்த நிறம் மறைந்து கரும்பழுப்பாகிவிடும். உண்ட மறுநாள் சிலருக்குச் சிறுநீர் சிவக்கலாம். அது பீட்ரூட்டின் நிறம், பயப்பட வேண்டியதில்லை.

அமெரிக்கர்கள் பெரிதும் விரும்புவது ஸுக்கினி என்னும் காயைத் துருவிப்போடும் முறை. அதே வகையில் நம் சுரைக்காயைத் துருவிச் சேர்க்கிறவர்கள், முதலில் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பார்த்து, கசந்தால் துப்பிவிட்டு அந்தக் காயையே எறிந்துவிட வேண்டும். கசக்கும் சுரைக்காயில் உள்ள விஷப்பொருள் வெந்தாலும் போகாது. மற்றபடி சுரைக்காயில் எனக்கு அதிக அபிமானம் இல்லை. ஈரம் தருகிறது, இனிப்புத் தருவதில்லை.

குழந்தைகளுக்குத் தெரியாமல் காய்கறியை உள்ளே தள்ளிவிடலாம் என்று இத்தகைய பண்டங்களைப் புகழ்ந்து பேசுவதை எங்கும் கேட்கிறோம்; எனக்கு அதில் உடன்பாடு இல்லை. காசி அல்வா பூசணிக்காயில் ஆனது என்பதை நம் வீடுகளில் யாரும் மறைத்ததில்லை, காரட் அல்வாவுக்குக் காரட் என்றே பெயர். கிழங்கைச் சுடும்போது குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வடிகிற பாகைக் காட்டி, மசிக்கிற வேலையையும் அதனிடமே கொடுங்கள்.

எங்கள் வீட்டில் என் அத்தை, முட்டை கலந்திருக்குமென்று எழுபது வயது வரையில் பிறந்தநாள் கேக்கைத் தொட்டதில்லை. தட்டு வரும்போதெல்லாம் சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் நகர்த்திவிடுவார். இந்தப் பிரௌனியை முதன்முதலில் நீட்டியபோது, "இதுல முட்டை கிட்டை ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். "இல்லை அத்தை, வெறும் சக்கரவள்ளிக்கிழங்கும் பேரீச்சம்பழமும்" என்றதும், ஒரு துண்டை எடுத்து, பாதியை உண்டுவிட்டு, மீதியை முந்தானையில் முடிந்துகொள்ளாத குறையாகக் கையிலேயே வெகுநேரம் வைத்திருந்தார். இந்த அத்தியாயத்தை எழுத வேண்டுமென்று எனக்குத் தோன்றியது அன்றைக்குத்தான்.

சர்க்கரை குறைந்து ஈரம் மிகுந்த பண்டமாதலால் இது வெளியில் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் நான்கு நாள் இருக்கும்; உறைபெட்டியில், துண்டு துண்டாகச் சுற்றி வைத்தால் இரண்டு மாதம். நீரிழிவு உள்ளவர்கள் வெள்ளைச் சர்க்கரை இல்லை என்ற ஒரே காரணத்தால் இரண்டு மூன்று துண்டுகளை எடுத்துவிடக்கூடாது. பேரீச்சையும் கிழங்கும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றவே செய்யும், அவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டு அளவைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். வேர்க்கடலை ஒவ்வாதவர்களுக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாமாதலால், வெளியாருக்குக் கொடுக்கும்போது, இதில் வேர்க்கடலையும் கோதுமையும் இருக்கின்றன என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.